வெந்த விதைநெல்

எங்கள் வீட்டு வெளியடுப்பு ஒரே ஒரு வேலைக்காக எரிந்ததே கிடையாது. நான் எரிய விட்டதில்லை. நெல் அவிக்க வேலிக்காத்தான் கட்டையை மூட்டினால், நெல் இறங்கியதும் அதே தணலில் மாட்டுக்குக் கொள்ளு வேகும். கொள்ளு இறங்கினால் அழுக்குத் துணிக்கு வெந்நீர் ஏறும். கடைசியில் சாம்பலுக்குள் பிள்ளைகளுக்காகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைப்பேன். மறுநாள் அந்தச் சாம்பலே பாத்திரம் துலக்க வந்துவிடும். "இவ வூட்ல நெருப்புகூட சும்மா ஒக்கார முடியாது" என்று பக்கத்து வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். திரியட்டுமே! காட்டில் முள் குத்த விறகு வெட்டிக்கொண்டு வருகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் இறங்கிவிடலாம், அப்படி ஒரு ஊர். எழுபதுகள் முடிகிற நேரம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே அடுப்பங்கரை. மூத்தவருடைய பெண்டாட்டியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு இழுப்பு. புகை பட்டால் அன்று முழுவதும் மூச்சு வாங்கும். அதனால் சாமான் அறைச் சாவியை என் இடுப்பில் சொருகிவிட்டு, "நீ இன்னா வேணா பண்ணிக்கோ, என்ன மட்டும் ஏசாத" என்று சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்விட்டு எப்போதாவது வருவார். ஆக, பெரிய குடும்பத்தை நடத்துகிற வேலை நடுவில் வந்த என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பார் சோப்பு வாங்கினால் நூலைக் கட்டி அறுத்து, துண்டுகளை வெயிலில் நன்றாகக் காய வைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். காயாத சோப்பு கிணற்றங்கரையில் கரைந்தே போய்விடும். எண்ணெய் டின்னை யாரும் சாய்த்து ஊற்றக்கூடாது, கரண்டியால் மொண்டுதான் எடுக்கவேண்டும். புளி கரைத்த சக்கை செம்புக் குடத்தைத் தேய்க்கப் போகும். பெரிய பையன் சட்டை அடுத்தவனுக்கு, அவன் சட்டை அதற்கடுத்தவனுக்கு, அதற்கப்புறம் கரித்துணி. சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆணி அடித்திருந்தேன். பள்ளிக்கூடப் பை அந்த ஆணியில்தான் தொங்கவேண்டும். தரையில் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும். என் பிள்ளை, உன் பிள்ளை என்ற பேச்சே கிடையாது, திட்டு எல்லோருக்கும் சமமாக விழும்.

எடுத்ததை எடுத்த இடத்தில் வை. இதுதான் வீட்டுச் சட்டம். பால்குடி மறந்த பிள்ளைகூட அதற்குக் கட்டுப்பட்டது. கட்டுப்படாத ஒரே ஆள் மூத்தவர். வயல் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. வரப்பில் நின்று பார்த்தே எந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் வந்தால் அந்தக் கண்ணெல்லாம் எங்கே போகுமோ! மண்வெட்டி அடுப்பங்கரை வாசற்படியில் கிடக்கும். அரிவாளை மாட்டுத் தொழுவத்தில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். வெற்றிலைப் பையை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டுப் போவார்.

அவரிடம் நான் நேராகச் சொல்லவும் முடியாது. புருஷனுக்கு அண்ணன் எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்கவேண்டும், முகம் பார்த்துப் பேசக்கூடாது. அவரும் தம்பி பெண்டாட்டிகளிடம் பேசமாட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் என் வாயை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? கன்றுக்குட்டியைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா கன்னுக்குட்டி, மம்புட்டிய வாசப்படியில போட்டா ஆருனா இடிச்சிக்கினு வுழமாட்டாங்களா? ஒனக்கு நாலு காலு கீது. எங்களுக்கு ரெண்டுதான கீது!"

அவர் காளைமாட்டைத் தட்டிக்கொண்டே பதில் சொல்வார். "இந்த வூட்ல கன்னுக்குட்டிக்குச் சொல்ற புத்திமதிய மனுசனுக்குச் சொல்லியிருந்தா எப்பவோ கலெக்டரு ஆயிருப்பான்டா."

அக்கா உள்ளேயிருந்து சிரித்துச் சிரித்து இருமும். எங்கள் சண்டையெல்லாம் அந்தக் கன்றுக்குட்டி வழியாகத்தான் நடந்தது. மனக்கசப்பு என்று ஒன்று வந்ததில்லை.

கடைசித் தம்பிக்குப் பெண் சாலவாக்கம் பக்கத்திலிருந்து வந்தது. சின்னவள் என்றே கூப்பிட்டோம். ஒடிசலான உடம்பு, வேலையில் சுறுசுறுப்பு. நான் கத்தினால் பயந்த மாதிரி நின்றுவிட்டு, நான் திரும்பியதும் பிள்ளைகளோடு சேர்ந்து என்னைப்போலவே பேசிக் காட்டுவாள். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அடி கழுதை, அச்சாக என் குரல்! நானும் சிரித்துவிட்டேன். எனக்குத் தங்கச்சி கிடையாது, இவள் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவளுக்குக் குறை ஒன்றே ஒன்றுதான். கல்யாணமாகி வருஷம் திரும்பியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊரில் கேட்காத ஆள் இல்லை. "இன்னாமா, விசேசம் எதுனா கீதா?" என்பார்கள். கீது என்று சொல்லும் நாள் வருமா என்று அவள் காத்திருந்தாள். மாதா மாதம் தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் நான் யாரையும் திட்டமாட்டேன்.

அந்த வருஷம் ஆவணியில் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சம்பாவுக்கு நாற்றங்கால் உழுது சேறாக்கி வைத்தாயிற்று. மதகுத் தண்ணீர் முறை எங்களுக்கு வந்தது. சின்னவள் புருஷன் முதல்நாளே மதகுப் பக்கம் காவலுக்குப் போய்விட்டான். மூத்தவர் நல்ல நேரம் பார்த்து விதைநெல்லை அண்டாவில் ஊறப்போட்டார். அறுப்பு நேரத்தில் அவரே வயலில் நடந்து, நல்ல கதிராகப் பார்த்துக் கிள்ளி, தனியாகக் காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்த விதை. அதன்மேல் பொம்பளை கை படக்கூடாது என்பார். எங்களுக்கென்ன, சரி என்று விட்டுவிட்டோம்.

வீட்டில் அரிசியும் தீர்ந்துகொண்டிருந்தது. அதனால் அன்று சாயங்காலமே தின்கிற நெல்லை நானும் இன்னொரு அண்டாவில் ஊறப்போட்டேன். களத்தைக் கூட்டி அள்ளியது, கூலியாக வந்தது, மூட்டை அடியில் கிடந்தது என்று எல்லா ரகமும் கலந்த நெல். வெந்து குத்தினால் எல்லாம் சோறுதானே! இரண்டும் ஒரே மாதிரி அலுமினிய அண்டா. விதை கிணற்றடியில், தின்கிற நெல் அடுப்புக் கொட்டகையில். அவிப்பதற்கும் முளை கட்டுவதற்கும் நெல்லை முதலில் ஊறத்தான் வைக்கவேண்டும், அதுவரைக்கும் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கிளம்பும்போது சின்னவளிடம் சொன்னேன். "அடுப்பாண்ட கீற அண்டா நெல்ல அவிச்சி வாசல்ல கொட்டு. கெணத்தாண்ட கீறத தொடாத, அது வெத."

"செரிக்கா" என்றாள்.

நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போதே தூறல் போட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினோம். உத்திரமேரூரில் ஊசி போட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வரும்போது வெயில் ஏறிவிட்டது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் கூட்டம்.

வாசல் முழுக்க அவித்த நெல் ஆவியோடு பரப்பிக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரே அளவு, ஒரே நிறம், பதர் இல்லாத நெல். அது எங்கள் நெல் இல்லை, அவருடைய விதை. மூத்தவர் கிணற்றடியில் அண்டாவுக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார். மதகிலிருந்து வந்து, விதையை வடிகட்டிச் சாக்கில் கட்டலாம் என்று அள்ளியிருக்கிறார். கையில் வந்தது சிவப்பும் வெள்ளையும் குட்டையும் நெட்டையுமான கலப்பு நெல்.

சின்னவள் நெல் தள்ளுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "நீ சொன்ன அண்டாவதான்க்கா அவிச்சேன். கெணத்தாண்ட நான் போவவே இல்லக்கா" என்றாள். "நல்ல நெல்லா கீதேன்னு பாத்தேன். இன்னிக்கு அக்காவுக்கு இன்னா மனசு வந்துச்சோன்னு நெனச்சேன்."

பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள், எல்லோர் காதிலும் விழும்படி. "வெதநெல்ல அவிச்சவ வயித்துல வெத எங்கமா தங்கும்? அதான் கடவுளு காட்டிட்டாரு."

ஐயோ, அந்த வார்த்தை! கூட்டத்தில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள், இன்னொருத்தி தலையை ஆட்டினாள். சின்னவள் கையிலிருந்த பலகை கீழே விழுந்தது. விதை போனால் இன்னொரு விதை வாங்கலாம். இந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் அந்தப் பெண் இந்த ஊரில் எப்படி வாழ்வாள்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். காலையில் போட்ட தூறலில் மண் இளகியிருந்தது. கிணற்றடியிலிருந்து கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து கிணற்றடிக்கும் அண்டாவை இழுத்த தடம் அழுத்தமாகக் கிடந்தது. தண்ணீரும் நெல்லும் நிறைந்த அண்டா. அதைச் சின்னவளால் ஒரு விரல்கடை நகர்த்த முடியாது. அவள் புருஷன் மதகில் இருந்தான். நானும் அக்காவும் பஸ்ஸுக்குப் போய்விட்டோம். அந்த நேரம் அவள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருப்பாள். அப்புறம் வீட்டில் இருந்த ஆள் யார்? மூத்தவரும் அந்தத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

பழக்கத்தில் கன்றுக்குட்டியைத் தேடினேன். மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போனால் போகிறது என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"மாமா, அண்டாவ இழுத்தது ஆரு?"

அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் நகரவில்லை.

"வாய தொறந்து சொல்லுங்க மாமா. அந்தப் பொண்ண பத்தி இன்னா பேச்சு பேசறாங்கன்னு ஒங்க காதுல வுழல?"

அவர் கையிலிருந்த நெல்லை அண்டாவிலேயே போட்டார். துண்டால் கையைத் துடைத்தார்.

"நாந்தாம்மா இழுத்தேன். தூத்தல் போட்டுச்சா, வெத நனைஞ்சிடப்போவுதேன்னு கொட்டாயில வச்சேன். அங்க எடம் பத்தல. அங்க இருந்த அண்டாவ இங்க இழுத்து வுட்டேன். அப்பறம் மதவுக்குப் போற அவசரத்துல மறந்துட்டேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு கூட்டத்தில் ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். "யோவ், தண்ணியில ஊறிக்கினு கீற நெல்லு மழையில நனைஞ்சிடும்னு தூக்கினு போய் வச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அந்த ஆத்திரத்திலும். தூறல் என்றால் நெல்லைத் தூக்கு. சின்ன வயசிலிருந்து பழகிய கை அது. மண்டைக்கு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. எந்த விவசாயியும் அதைத்தான் செய்திருப்பான், அப்புறம்தான் நெற்றியில் அடித்துக்கொள்வான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "இழுத்தது ஆரா இருந்தா இன்னா? அவிச்ச கை இவளுதுதான" என்று முனகிக்கொண்டே போனாள். அது சின்னவள் காதில் விழுந்துவிட்டது.

முறைத் தண்ணீர் போய்விட்டால் திரும்ப எப்போது வருமோ. கலப்பு நெல்லையே வடிகட்டிச் சாக்கில் கட்டினார் மூத்தவர். அதுவும் நெல்தானே, ஜம்மென்று முளை விட்டது. அதையே விதைத்தார். அந்த வருஷம் எங்கள் வயலைப் பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. ஒரு பயிர் இடுப்புக்கு, பக்கத்துப் பயிர் முழங்காலுக்கு. ஒன்று பழுத்துச் சாயும்போது இன்னொன்று அப்போதுதான் பூ எடுத்தது. வரப்பில் போகிறவர்கள் "இன்னா பெரியவரே, கதம்பம் கட்டறியா?" என்று கேட்பார்கள். "ஆமாம்பா, மாரியாத்தாவுக்கு" என்பார். அடுத்த போகத்துக்கு மானாம்பதியில் சொந்தக்காரர் ஒருவரிடம் நெல்லைக் கொடுத்து விதை மாற்றிக்கொண்டு வந்தார். விதை விஷயம் அதோடு முடிந்தது.

சின்னவள் விஷயம் முடியவில்லை. அந்த வாரமே அவித்த நெல்லைக் காயவைத்து, மில்லில் அரைத்து வந்தபோது, "அத ஏரியில கொட்டிடு. வெதைய துன்னா வூடு வெளங்காது" என்றது அக்கா.

"ஏரியில கொட்டி மீனா வெளைய வைக்கப்போறோம்? ஒரு மணி வெளிய போவாது" என்றேன் நான்.

சின்னவள் அந்த மூட்டை இருந்த பக்கமே போகவில்லை. பிள்ளைகளோடு சிரிப்பதில்லை, என்னைப்போல் பேசிக் காட்டுவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் காலையில் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியான பஸ்ஸுக்கு அம்மா வூட்டுக்குப் போறேங்க்கா. கொஞ்ச நாளு இருந்துட்டு வரேன்."

கொஞ்ச நாள் என்று போன பெண்களை எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நாளில் புருஷனுக்கு வேறு பெண் பார்த்த வீடும் எனக்குத் தெரியும். அவள் புருஷனிடம் கேட்டேன். அவன் நல்ல பையன்தான், ஆனால் வாயில்லாப் பூச்சி. "அவ அழுவறா அண்ணி, நான் இன்னா பண்ண?" என்று தலையைச் சொறிந்தான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் வெளியே வந்தது திட்டுதான். "போடி, போ! ஒருத்தி சொன்னான்னு வூட்ட வுட்டுப் போறவ இங்க இருந்தாதான் இன்னா" என்று கத்திவிட்டு அடுப்பங்கரைக்குள் போனேன். போனவள் நேராக அந்த விதைநெல் அரிசியை அளந்து உலையில் போட்டேன். அவள் போவதானாலும் அதைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று ஒரு வீம்பு.

மத்தியானம் மூத்தவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரம் பார்த்து உறைமோர் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். எந்தச் சோறு வெந்திருக்கிறது என்று அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. சின்னவள் பையோடு உள் கதவண்டை நின்றாள்.

அக்கா சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனது. மூத்தவர் தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார்.

"நீ அத அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடு" என்றார் அக்காவிடம். பிறகு கதவண்டை திரும்பினார். "அம்மாடி, நீ வந்து போடு."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அதுவரை அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, முதுகில் கைவைத்துத் தள்ளினேன். வந்து போட்டாள். பாதி தட்டுக்கு வெளியே சிந்தியது. சிந்தியதையும் அவர் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டார். குழம்புகூட ஊற்றாமல் ஒரு வாய் தின்றார்.

"நல்லா பூத்துக்கீது. அவிச்ச பக்குவம் அப்படி. இத்தினி நாளு நம்ம வூட்ல இப்படி ஒரு சோறு துன்னதில்ல. இன்னும் கொஞ்சம் போடும்மா."

அவள் போட்டாள். இந்தத் தடவை சிந்தவில்லை.

"வெதைய துன்னுட்டோம்னு ஆருனா சொன்னா, நான் துன்னேன்னு சொல்லு. வெதைய கெடுத்தவன் நானு, பக்குவமா சோறாக்கினவ நீ" என்றார். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து, "நீயும் ஒக்காரு, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றார்.

பெரியவர் கூப்பிட்டால் மறுக்க முடியுமா? உட்கார்ந்தாள். சின்னவள்தான் அவளுக்கும் போட்டாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தின்றாள். "சோறு நல்லாத்தான் கீது" என்றாள் கடைசியில். பிள்ளைகள் எனக்கு, எனக்கு என்று தட்டை நீட்டின. சின்னவள் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். பெரிய பையனிடம், என் குரலில், "எடுத்தத மிச்சம் வச்ச, தோல உரிச்சிடுவேன்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணை மறைத்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

அப்போது ரோட்டில் மத்தியான பஸ் ஹாரன் அடித்தது. நின்றது, கொஞ்ச நேரம் உறுமியது, புறப்பட்டுப் போயிற்று. நான் சின்னவளைப் பார்த்தேன்.

"போனா போவுது. நீ ஒக்காருக்கா, ஒனக்குப் போடறேன்" என்றாள்.